தையல் மிஷின் அடியில் பல வண்ணக் குருவி, என்ன செய்வது? (அவசரம்)

செம்பருத்தி, சேலையூர்
அக்டோபர் 17, காலை 6:35

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், கை ஓடவில்லை.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். முதல் மாடி. பால்கனிக்குக் கிரில் போட்டு அங்கேதான் மிஷின் வைத்திருக்கிறேன். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடப்பதால் நேற்று ராத்திரி ஒரு மணி வரை தைத்தேன். அசதியில் லைட்டை அணைக்காமலே போய்ப் படுத்துவிட்டேன். ஐந்தரைக்கு எழுந்து வந்து பார்த்தால் பெடல் பக்கத்தில், வெட்டுத்துணிக் குவியலுக்குள் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது. முதலில் துணி என்றே நினைத்துவிட்டேன். கையை நீட்டிய பிறகுதான் அது கண்ணை மூடித் திறந்தது.

எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மைனாவைவிடச் சின்னது, ஆனால் குண்டு. முதுகு வாழையிலைப் பச்சை. இறக்கையில் ஆனந்தா புளூ, அதுவும் பட்டுத்துணி மாதிரி சாய்த்துப் பார்த்தால் மினுங்குகிறது. வயிறு சந்தனக் கலர், தொண்டை வெள்ளை. கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி பட்டையாகக் கறுப்பு, அது கழுத்துப் பின்னால் வரை போகிறது. வாலுக்கு அடியில் மட்டும் குங்குமச் சிவப்பு. வால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி இருக்கிறது. கால் நீளம். இருபது வருஷமாகக் கலர் பார்த்துத் துணி எடுக்கிறவள் நான். இத்தனை கலரையும் ஒரே உடம்பில் சேர்த்து, ஒன்றுகூட உறுத்தாமல் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அடி பட்ட மாதிரி ரத்தம் எதுவும் இல்லை. பறக்க மாட்டேன் என்கிறது. எதிரே கேபிள் ஒயரில் நாலு காக்கை வந்து உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. நொய் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ கூண்டில் வளர்த்தது தப்பி வந்துவிட்டது என்கிறார் மாமியார். பையன் ஆறாவது படிக்கிறான், நாமே வளர்க்கலாம் என்று அழுகிறான். என்ன செய்ய?

---

மாடித்தோட்டம்
காலை 6:48

பாவம், மயக்கத்தில் இருக்கும். வாயைத் திறந்து இங்க் ஃபில்லரால் குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றுங்கள் அக்கா. தெம்பு வந்துவிடும்.

---

பழைய கேட்கீப்பர்
காலை 6:55

அம்மா, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் குருவியின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் வாய் திறந்திருக்கும். நாம் ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அப்படி ஒரு குருவியை நானே என் கையில் சாகக் கொடுத்திருக்கிறேன், முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். செருப்பு டப்பாவோ அட்டைப்பெட்டியோ எடுத்துப் பக்கவாட்டில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். அடியில் காட்டன் துணி விரியுங்கள், நூல் பிரிகிற துணி வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். ஒரு துணியை மெதுவாக மேலே போட்டு, அப்படியே இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வைத்து மூடுங்கள். வீட்டிலேயே சத்தமில்லாத, ஃபேன் இல்லாத இருட்டு மூலையில் வையுங்கள். ஒரு தட்டையான மூடியில் கொஞ்சம் தண்ணீர் போதும், வேண்டுமென்றால் அதுவே குடிக்கும். பையன் அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது. நம் முகம்தான் அதற்குப் பெரிய பயம். இருட்டு இருந்தால் பாதி குணம்.

ஒரு இறக்கை தொங்குகிறதா, இரண்டும் ஒரே மட்டத்தில் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். தொங்கினால் உடனே வனத்துறைக்கோ பறவை பார்க்கிற கால்நடை டாக்டருக்கோ தகவல் கொடுக்க வேண்டும்.

வளர்க்கிற பறவை இல்லை அம்மா அது. ஆறுமணிக்குருவி. விருந்தாளி. மிச்சத்தை மத்தியானம் எழுதுகிறேன்.

---

செம்பருத்தி, சேலையூர்
காலை 10:20

ரொம்ப நன்றி ஐயா. ஜாக்கெட் அட்டைப்பெட்டியில் வைத்து, சாமி ரூம் ஓரத்தில் வைத்துவிட்டேன். இறக்கை இரண்டும் சரியாக இருக்கிறது. தூக்கும்போது கனமே தெரியவில்லை. துணி வழியாக அதன் நெஞ்சு அடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது, மிஷின் வேகமாக ஓடும்போது டேபிள் அதிருமே, அந்த மாதிரி. எனக்கும் கை நடுங்கிவிட்டது.

காக்கைகள் போய்விட்டன. பெட்டிக்குள் சத்தமே இல்லை. இருக்கிறதா என்று திறந்து பார்க்க மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் திறக்கவில்லை. விருந்தாளி என்றீர்களே, எந்த ஊரிலிருந்து?

---

பழைய கேட்கீப்பர்
பகல் 1:15

திறக்காதது நல்லது. சொல்கிறேன்.

நான் 1988-லிருந்து செங்கல்பட்டுப் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு லெவல் கிராஸிங்கில் கேட்கீப்பராக இருந்தேன். ஒரு பக்கம் புதர்க்காடு, ஒரு பக்கம் ஏரி. வேலைக்குச் சேர்ந்த முதல் ஐப்பசி மாதம், சாயங்காலம் வண்டிக்காகக் கேட்டை மூடிவிட்டு நிற்கிறேன், காட்டுக்குள்ளிருந்து யாரோ விசில் அடித்தார்கள். இரண்டே சுரம். முதலில் ஏறி, அடுத்தது இறங்கி. மாடு மேய்க்கிற ஆள் கேட்டைத் திறக்கச் சொல்கிறான் போல என்று, "வண்டி வருதுப்பா, இரு" என்று நானும் சத்தம் கொடுத்தேன். ஆள் இல்லை. மறுநாள் விடியற்காலை அதே விசில், அன்று சாயங்காலமும். ஒரு வாரம் கழித்துக் காட்டு வாட்சர் ஒருவர் டீ குடிக்க வந்தபோது கேட்டேன். சிரித்துவிட்டு, "ஆறுமணிக்குருவிண்ணே, வடக்க இருந்து வருது" என்றார்.

ஆறு மணி என்பது பேருக்குத்தான். அது கடிகாரம் பார்ப்பதில்லை, வெளிச்சம் பார்க்கிறது. நான் ரயில் நேரம் குறிக்கிற டைரியின் பின்பக்கத்தில் அதன் நேரத்தையும் குறித்துக்கொண்டே வந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் கூப்பிட்டுவிடும். மாசியில் பொழுது நீளும்போது ஆறேகால் ஆகிவிடும். காலையிலும் அப்படித்தான், மார்கழியில் சூரியன் பிந்தினால் அதுவும் பிந்தும். ஒன்று கூப்பிட்டால் தூரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும், அதற்கப்பால் ஒன்று. நாலைந்து நிமிஷம்தான். அப்புறம் நாள் முழுக்கப் பெரும்பாலும் வாயே திறக்காது. அதனால்தான் பக்கத்திலேயே இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். கோடையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் அது வடக்கே இருக்கும். இமயமலை அடிவாரம், மத்தியப் பிரதேசத்துக் காடுகள், குஜராத்தில் கிர் காடு, ராஜஸ்தானில் ரந்தம்பூர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரைக்கும்கூட. அங்கே மழை இறங்கினதும் கூடு கட்டும். நாம் நினைக்கிற கிண்ணம் மாதிரிக் கூடு இல்லை. சுள்ளி, வேர், காய்ந்த இலை எல்லாம் வைத்துப் பந்து மாதிரி உருட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். தரையிலேயோ தாழ்ந்த கிளைக் கவட்டிலேயோ இருக்கும். நாலைந்து முட்டை, பளபளவென்று வெள்ளை, மேலே புள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குஞ்சுகளைக் காப்பாற்றும்.

இனி சொல்லப்போவதைப் பையனிடம் சொல்லுங்கள். இந்தக் குருவிக்குச் சாப்பாடு மண்புழு, கறையான், வண்டு, சருகுக்கு அடியில் இருக்கிற பூச்சி. மண் ஈரமாக இருந்தால்தான் அதெல்லாம் மேலே வரும். புரட்டாசியில் வடக்கே மழை விடைபெற்று மண் இறுகிப் போகும். அதே நேரம் நம் ஊரில்? ஐப்பசியில்தான் நமக்கு அடைமழையே ஆரம்பம். அங்கே ஈரம் முடிகிற தேதியும் இங்கே ஈரம் தொடங்குகிற தேதியும் அதற்குத் தெரியும். தென்மேற்கு மழையில் பிள்ளை பெற்று, வடகிழக்கு மழையில் உடம்பைத் தேற்றிக்கொள்கிற பிறவி. ஒரே நாட்டுக்குள் இரண்டு மழைக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருக்கிறது. சிலது இங்கேயும் நிற்காமல் இலங்கைக்குப் போய்விடும்.

டேராடூன் பக்கத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால் சென்னைக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர். எடை ஐம்பது, அறுபது கிராம். இத்தனைக்கும் தகைவிலான் மாதிரி காற்றைக் கிழிக்கிற இறக்கை இல்லை. குட்டையான, வட்டமான இறக்கை. நாள் முழுக்கத் தரையில் தத்தித் தத்தி நடந்து பிழைக்கிற பறவை. அது ராத்திரியில் பறந்து வருகிறது அம்மா. வருகிற வழியில் மழைக்காற்று அடித்தாலோ, கீழே ஒரு வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ திசை தடுமாறி இறங்கிவிடும். கண்ணாடியில் முட்டும். விடிந்தால் காக்கை சூழ்ந்துகொள்ளும். ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ மாடிப்படியிலோ இது கிடப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பால்கனி லைட்டாக இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. தீபாவளி வரை ராத்திரியில் தைக்கத்தான் வேண்டும், கிரில் பக்கம் ஒரு கனமான திரை போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

காக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. 1766-ல் லின்னேயஸ் என்கிற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தபோது காக்கை வகையோடுதான் சேர்த்தார். பிறகு பிரித்து "பிட்டா" என்று வைத்தார்கள். அது நம் பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சொல். பிட்ட என்றால் சின்னப் பறவை, அவ்வளவுதான். தமிழில் தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் பெயர்கள் உண்டு.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பெட்டியைத் திறக்காமல் காது வைத்துக் கேளுங்கள். உள்ளே தத்துகிற சத்தம் கேட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம். காக்கைகள் அடைய ஆரம்பித்த பிறகு, இருட்டுவதற்கு முன்னால் விட வேண்டும். மொட்டைமாடியில் விடாதீர்கள். மரமும் சருகும் இருக்கிற தரை வேண்டும். வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், கூண்டில் அது சாப்பிடாது.

---

செம்பருத்தி, சேலையூர்
பகல் 2:05

ஐயா, பையனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அழுகை நின்றுவிட்டது. அட்லஸை எடுத்துவைத்து ஸ்கேலால் டேராடூனிலிருந்து அளந்துகொண்டிருக்கிறான்.

ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் சருகு இருக்கிற தரைக்கு எங்கே போவேன்? பார்க் இருக்கிறது, தினமும் கூட்டிப் பெருக்கி சிமெண்ட் மாதிரி வைத்திருக்கிறார்கள். அடுத்த தெருவில் ஒரு பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. பின்னால் இரண்டு மாமரம், ஒரு பலா, நாலைந்து வருஷ இலை கணுக்கால் வரை. பாம்பு இருக்கும் என்று யாரும் போகமாட்டோம். அங்கே விடலாமா?

---

பழைய கேட்கீப்பர்
பகல் 2:20

அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கைப்பிடிச் சுவர் மேலிருந்தே உள்பக்கம் பெட்டியைச் சாய்த்துத் திறங்கள், நீங்கள் இறங்க வேண்டாம்.

இந்தச் சருகு விஷயத்தில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ரிட்டையர் ஆகி மறைமலைநகர் பக்கம் வீடு கட்டி வந்தேன். எதிரே ஒரு பெரிய குடியிருப்பு. கட்டுவதற்கு முன்னால் அது மாந்தோப்பு. முதல் இரண்டு வருஷம் அங்கிருந்து ஆறுமணிக்குருவி சத்தம் வரும். மிச்சமிருந்த மரங்களை வெட்டவில்லை, அது உண்மை. ஆனால் ஆள் வைத்துத் தினமும் ஒரு இலை விடாமல் கூட்டி, மூலையில் குவித்துக் கொளுத்தினார்கள். சரியாகப் புரட்டாசியில், "மழைக்கு முன்னால் சுத்தம்" என்று. போய்ச் சொன்னேன். மரம்தான் இருக்கிறதே சார், பறவை வந்து உட்காரட்டுமே என்றார்கள். இந்தப் பறவைக்கு மரம் ராத்திரி தூங்குவதற்குத்தான். அதன் வீடு, அடுப்படி, பத்தாயம் எல்லாம் அந்தச் சருகுதான்.

அது எப்படிச் சாப்பிடும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று தத்து தத்தி, கல் மாதிரி நிற்கும். அந்தக் குட்டி வால் மட்டும் மேலும் கீழும் ஆடும். தலையைச் சாய்க்கும். பிறகு ஒரு இலையை அலகால் பிடித்து, பக்கம் புரட்டுகிற மாதிரி ஒதுக்கித் தூக்கிப் போடும். அடியில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இலை. ஒரு தடவை மண்புழு ஒன்று பாதி மண்ணுக்குள் இருந்தது, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்ததைக் கேட் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புழு விடுபட்டதும் இது மல்லாக்க விழப் பார்த்தது. சுதாரித்துக்கொண்டு புழுவைத் தரையில் நாலு அடி அடித்து விழுங்கியது. வண்டி வருகிற மணி அடித்ததைக்கூட அன்று ஒரு நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன்.

இலையைக் கூட்டினால் இதற்கு மட்டும் கஷ்டம் இல்லை. கொடிக்கால் வாலாட்டி என்று ஒன்று வரும், மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் இடமும் வலமும் ஆட்டும். செந்தலைப் பூங்குருவி வரும். எல்லாம் ஒரே பந்தியில் உட்காருகிற கூட்டம். கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் இவை இன்னும் குளிர்காலத்தில் தங்குகின்றன என்றால், அங்கே விழுந்த இலை விழுந்த இடத்தில் மட்குகிறது.

என் வீட்டில் ஒரே ஒரு மாமரம். அதன் அடியில் நான் கூட்டுவதில்லை. வாசலை மட்டும் பெருக்கி அந்த இலையையும் அங்கேயே கொண்டுபோய்ப் போடுகிறேன். வீட்டுக்காரம்மா முதலில் சண்டை போட்டார்கள், இப்போது அவர்களே போடுகிறார்கள்.

---

வளவுக்காரன், வவுனியா
பின்னேரம் 3:40

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. இலங்கைக்கும் போகும் எண்டு ஐயா எழுதினதை வாசிச்சுட்டுச் சும்மா இருக்க ஏலேல்ல.

எங்கட வளவுக்க ஒவ்வொரு மாரிக்கும் வரும். கிணத்தடிக்குப் பின்னால வாழையும் பலாவும் நிக்கிற பக்கம்தான் அதுக்குப் பிடிச்ச இடம். குளிக்கிற தண்ணி ஓடுறதால அந்த மண் எப்பவும் ஈரம். சண்டை நேரம் நாங்கள் இடம்பெயர்ந்து போய், கன வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்து பாத்தா வளவு முழுக்கப் பத்தை. வீட்டுக்குக் கூரை இல்லை. அம்மா படலையடியில நிண்டு அழுதா. அண்டைக்குப் பின்னேரம் கிணத்தடிப் பக்கம் இருந்து இந்த விசில் கேட்டுது. பிறகு வேலிக்கு அங்கால இன்னொண்டு, றோட்டுப் பக்கம் இன்னொண்டு. நாங்கள் இல்லாத காலம் முழுக்க அதுகள் வந்து போயிருக்குதுகள். அம்மா அழுகையை நிப்பாட்டிப்போட்டு, "உது எங்கட குருவியெல்லே" எண்டா. வளவைத் துப்புரவாக்கேக்க அந்தப் பலாவடியை மட்டும் தொடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா.

சிங்கள ஆக்கள் இதை அவிச்சியா எண்டு சொல்லுவினம். அது கூப்பிடுற சத்தம்தான் பேர். என்னோட வேலை செய்யிற ஒருத்தர் ஒரு கதை சொன்னவர். முந்தி மயிலுக்கு வடிவான உடுப்பு இல்லையாம். ஒரு கலியாண வீட்டுக்குப் போக இந்தக் குருவியிட்ட உடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனதாம். திருப்பிக் குடுக்கவேயில்லை. அதைக் கேட்டுத்தான் இது காடு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரியுதாம். அக்கா தையல்காரி எண்டபடியால் சொல்ல வேணும்போல இருந்தது.

பின்னேரம் விட்ட உடன எழுதுங்கோ.

---

செம்பருத்தி, சேலையூர்
மாலை 6:30

விட்டாயிற்று.

நாலரைக்குக் காது வைத்தேன். அட்டையில் நகம் உரசுகிற சத்தம், அப்புறம் டக் டக்கென்று தத்துகிற சத்தம். உயிர் வந்தது எனக்கு. ஐந்தேகாலுக்கு நானும் பையனும் மாமியாரும் போனோம். மாமியார் வருகிறேன் என்று சொல்லவே இல்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு கூட நடந்து வந்துவிட்டார். சுவர் மேல் பெட்டியைச் சாய்த்து மூடியை எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு விளிம்பில் வந்து நின்றது. முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றபோதுதான் கால் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. எங்களைப் பார்க்கவேயில்லை, கீழே இருக்கிற இலையைத்தான் பார்த்தது. இறக்கையை விரித்தபோது நடுவில் ஒரு வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது, மடக்கியிருக்கும்போது அது தெரியவே இல்லை. மாமர அடியில் இறங்கியது. ஒரு தத்து, இரண்டு தத்து, நின்றது. இலையைத் தூக்கிப் போட்டது. ஐயா சொன்ன மாதிரியே. அதற்குள் அந்த இலைகளோடு கலந்துவிட்டது. அத்தனை கலரும் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

பெட்டியில் ஒரு சின்ன இறகு இருந்தது, நீலம். பையன் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்றான். அதையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தோம்.

வவுனியா தம்பிக்கு: உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். அந்த மயில் கதையைத் துணி வாங்க வந்த இரண்டு பேரிடம் இதற்குள் சொல்லிவிட்டேன்.

---

மாடித்தோட்டம்
இரவு 8:10

அக்கா, ஐயா, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை ஐயா உடனே பார்த்தார். எங்கள் அப்பார்ட்மெண்டில் இலை கூட்டுவதற்கு நான்தான் ஆள் சொல்கிறேன். பின்பக்கம் இரண்டு புங்கமரத்தடியை நாளையிலிருந்து விட்டுவிடச் சொல்கிறேன். கொசு வரும் என்று கேட்டால் என்ன சொல்ல?

---

பழைய கேட்கீப்பர்
இரவு 8:40

கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப், உடைந்த தொட்டி இவற்றை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மண்ணில் பரந்து கிடக்கிற சருகில் தண்ணீர் நிற்காது, மண் குடித்துவிடும். மன்னிப்பெல்லாம் எதற்கு? நானும் ஒரு நாள் ஊற்றியவன்தான்.

---

செம்பருத்தி, சேலையூர்
நவம்பர் 23, மாலை 6:05

ஐயா, இந்தத் திரி இன்னும் திறந்திருக்கிறதா? மூன்று நாள் மழை விட்டு இன்றுதான் வெளுத்தது. தீபாவளி வேலை முடிந்து இப்போது கல்யாண ஜாக்கெட் ஓடுகிறது. ஐந்து நாற்பத்திரண்டு, செல்போனில் பார்த்தேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பூட்டின வீட்டுப் பக்கமிருந்து விசில். ஏறி, இறங்கி. பையன் ஹோம்வொர்க்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். இரண்டு பேரும் கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்னொரு தடவை கூப்பிட்டது. அப்புறம் தூரத்தில், ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற புளியமரப் பக்கமிருந்து வேறொன்று பதில் கொடுத்தது.

இத்தனை வருஷமாக இதே பால்கனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மிஷின் சத்தத்தில் கேட்காமலே போயிருக்கிறது.

நாம் விட்டதேதானா இது? இரண்டு இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளுமா?

---

பழைய கேட்கீப்பர்
நவம்பர் 23, மாலை 6:50

நாம் விட்டதேதானா என்று காலில் வளையம் போட்டிருந்தால் ஒழியச் சொல்ல முடியாது அம்மா. ஆனால் அந்த இடம் அதற்கு ஒத்துக்கொண்டது, அது நிச்சயம்.

சண்டைக்கு இல்லை அந்தச் சத்தம். நான் பார்த்தவரைக்கும் ஒரு தோட்டத்துக்கு ஒன்றுதான் இருக்கும். பொழுது சாய்கிறபோது "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒன்று சொல்லும், "நான் இங்கே" என்று அடுத்தது சொல்லும். அதோடு இரண்டும் தூங்கப் போய்விடும்.

பையனிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். இன்றைய தேதியையும் 5:42 என்ற நேரத்தையும் முதல் வரியாக எழுதட்டும். பங்குனி கடைசியிலிருந்து கவனமாகக் கேட்கச் சொல்லுங்கள், சித்திரை பிறந்த கையோடு ஒரு நாள் சத்தம் நின்றுவிடும். எந்த நாள் என்று எனக்கும் எழுதுங்கள். என் டைரியில் உங்கள் தெருவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவைக்கிறேன்.